இறங்கும்போது எந்தக் கால் முதலில்?

கேள்வி: எனக்கு 36 வயது. மனைவி, மகளோடு ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஏஜாக்ஸில் இருக்கிறேன். அம்மா நாங்கள் வளர்ந்த ஸ்காபரோ வீட்டில்தான் இன்னமும் இருக்கிறார். நானும் அக்காவின் கணவரும் ரொறன்ரோ ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸின் தீவிர ரசிகர்கள். 2025 மே 4ஆம் திகதி, புளோரிடா பாந்தர்ஸுடனான தொடருக்கு முதல் நாள் இரவு, அம்மா வீட்டு பேஸ்மென்ட்டில் வினிபெக் அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சு பாந்தர்ஸ் வீரர் மத்தியூ கச்சக்கிடம் போனது. இரண்டு மாதம் காயம் என்று சொல்லிவிட்டு, கோப்பைக்கான பிளேஓஃப் சுற்று தொடங்கியதும் எழுந்து வந்தவர் அவர். ஓர் அணி வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்தின் உச்சவரம்பை ஏமாற்றும் நாடகம் இது என்றேன். காயம் உண்மை, உண்மை என்பதால் நம் ஆட்கள் முதல் ஆட்டத்திலேயே அந்தக் காலைப் பார்த்து இடிக்க வேண்டும் என்றார் அத்தான். வார்த்தை தடித்தது. "நோவென்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்தவன் நீ" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து அப்போது ஐந்து வாரம்; தேநீரும் ரோல்ஸும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவர், எங்கள் சத்தத்தைக் கேட்டுப் பாதிப் படியிலேயே நின்றுவிட்டார். அத்தான் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சில்லை. கச்சக்கின் காயம் உண்மை என்று பிறகு தெரிந்துவிட்டது. அதற்காக நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? தீபாவளி வருகிறது. அக்கா அழுகிறார். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: தம்பி, உங்கள் முழுக் கடிதம் நான்கு பக்கம். அதில் பாதிக்கு மேல் கச்சக். அம்மாவின் வீடு இரண்டு மூன்று இடங்களில் வருகிறது. அம்மா ஒரே ஒரு வாக்கியத்தில் நடமாடுகிறார், அதிலும் பாதியில் நின்றுவிடுகிறார்.

கிரிக்கெட்டால் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகள், சீட்டுக் காசால் பிரிந்த சம்பந்திகள், கல்யாணப் படத்தில் யார் எங்கே நின்றார் என்பதற்காக ஏழு வருடம் முகம் திருப்பியவர்கள் என்று எத்தனையோ பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஆகவே "எல்லாம் சரியாகிவிடும், கவலை வேண்டாம்" என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்காதீர்கள்.

ஹொக்கியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் கிழவிக்கு விளையாட்டுத் தெரியாது என்று மீதியைப் படிக்க மாட்டீர்கள்.

உங்கள் சந்தேகம் முட்டாள்தனமானதல்ல. தம்பா பே அணியின் நிக்கிட்டா குச்செரோவ் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் 2021 பருவத்தின் 56 ஆட்டங்களிலும் இறங்கவில்லை. பிளேஓஃப்பின் முதல் ஆட்டத்துக்கு வந்து இரண்டு கோல் அடித்தார். 32 புள்ளிகளோடு எல்லோருக்கும் மேலே நின்று கோப்பையும் வாங்கினார். கொண்டாட்டத்தில், உச்சவரம்பைவிட 18 மில்லியன் டொலர் அதிகம் என்று எழுதிய சட்டையை வேறு போட்டுக்கொண்டார். அந்தச் சட்டையைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு எவருடைய காயத்தையும் எளிதில் நம்ப மாட்டார்கள். நீண்டகாலக் காயப்பட்டியலில் ஒருவர் இருந்தால் அவருடைய சம்பளத்துக்கு ஈடாக வேறு ஆளை எடுக்கலாம். உச்சவரம்போ அப்போது வழக்கமான பருவத்துக்கு மட்டும்தான் இருந்தது. பிளேஓஃப்பில் யாரும் கணக்குக் கேட்கவில்லை. புளோரிடாவும் அந்த இடைவெளியில்தான் மார்ச்சில் சேத் ஜோன்ஸையும் பிராட் மார்ஷண்டையும் கொண்டுவந்தது. 2026 பிளேஓஃப்பிலிருந்து அங்கும் வரம்பு உண்டு என்று லீக் பிறகு முடிவெடுத்தது. உங்கள் முறைப்பாட்டுக்கு அவ்வளவு நியாயம் இருந்தது.

ஆனால் கச்சக் நடிக்கவில்லை. பெப்ரவரியில், நான்கு நாடுகள் போட்டியில், மொன்றியலில் கனடாவுக்கு எதிராக அமெரிக்காவுக்காக ஆடும்போது பட்ட காயம் அது. உள்தொடைத் தசை எலும்பிலிருந்தே கிழிந்திருந்தது. அதே பக்கம் ஹேர்னியாவும். பருவத்தின் கடைசி 25 ஆட்டங்கள் போயின. ஏப்ரல் 22 அன்று தம்பாவுக்கு எதிராக இறங்கி இரண்டு கோல் அடித்தார், ஒன்றுக்கு உதவினார். ஜூனில் கோப்பை, ஓகஸ்டில் அறுவை சிகிச்சை. ஆக, அத்தான் சொன்னதில் முன்பாதி சரி. கிழிந்த காலைத் தேடி இடிக்க வேண்டும் என்ற பின்பாதியைப் பற்றி அவர் எழுதிக் கேட்டால் அவருக்கும் தனியாக இருக்கிறது. லீஃப்ஸ் முதல் இரண்டு ஆட்டங்களை வென்று, ஏழாவதில் சொந்த அரங்கிலேயே 6-1 என்று தோற்ற கதையை நான் சொல்லத் தேவையில்லை. 1967க்குப் பிறகு கோப்பையைத் தொடாத அணி அது. அதன் ரசிகருக்கு அதுகூடப் பழகியிருக்க வேண்டும்.

இன்னொன்று. அன்றிரவு திரையில் ஓடியது வினிபெக் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். இரண்டு நொடிகூட மீதமில்லாத நேரத்தில் சமன் செய்து, இரண்டாவது மேலதிக நேரத்தில் வென்றார்கள். அப்படி ஓர் ஆட்டத்தைக் கண்முன்னே வைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒருவருக்காக இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தீர்கள்.

ஹொக்கி முடிந்தது. இப்போது படிக்கட்டுக்கு வாருங்கள்.

ஐந்து வாரம் என்று எழுதியது நீங்கள். நாள் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்காபரோ வீடுகளின் பேஸ்மென்ட் படிகள் எனக்கும் தெரியும். பன்னிரண்டு, பதின்மூன்று படி, ஒடுக்கம், நடுவில் தலை இடிக்கிற தாழ்ந்த கூரை, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. தட்டத்துக்கு இரண்டு கை வேண்டும். கைப்பிடிக்கு ஒரு கை வேண்டும். உங்கள் அம்மாவுக்கு எத்தனை கை, தம்பி?

முழங்கால் மாற்றியவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பது இதுதான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுத்த கால் முதலில். இரண்டு காலும் ஒரே படியில் சேர்ந்த பிறகுதான் அடுத்த படி. ஒரு கை எப்போதும் கைப்பிடியில். இது உங்களுக்குத் தெரியுமா? கச்சக்கின் தசை எந்த எலும்பில் போய் ஒட்டுகிறது என்று அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள், நான்தான் வெட்டினேன். அம்மாவுக்கு மாற்றியது இடது முழங்காலா வலது முழங்காலா என்று நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை.

பாதிப் படியில் நின்றுவிட்டார் என்கிறீர்கள். பிறகு? தட்டத்தை யார் வாங்கினார்? அத்தான் எழுந்து போய்விட்டார் என்பது அடுத்த வாக்கியம். பேஸ்மென்ட்டிலிருந்து போக வேறு வழி ஏது? அதே படியால்தான் போயிருப்பார். தட்டத்தோடு நின்ற மாமியாரைக் கடந்து போயிருக்கிறார். அந்த ஒடுக்கத்தில், தேநீர் சிந்தாமல், ஐந்து வாரக் காலைச் சுவரோடு ஒதுக்கி, மருமகனுக்கு அவர் வழிவிட்டிருக்கிறார். நீங்கள் கீழே சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நோவு தெரியாதவன் என்று அத்தான் சொன்னது கடுமையான வார்த்தைதான். ஆனால் அதை அவர் சொன்னபோது நோவு ஆறேழு படி மேலே நின்றுகொண்டிருந்தது, இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

புளோரிடா தன் ஆளை இரண்டு மாதம் வெளியே உட்கார வைத்தது. உங்கள் வீட்டு அணி ஐந்தாவது வாரமே அம்மாவை இறக்கிவிட்டது. அவர் பெயர் எந்தக் காயப்பட்டியலிலும் இல்லை, அவருக்குப் பதில் ஆளும் இல்லை. நான்கு நல்ல கால்கள் கீழே சும்மா கிடந்தன.

"அம்மா சொன்னால் கேட்க மாட்டார், அவராகவே செய்வார்" என்று எழுதத் தொடங்குவீர்கள். எழுத வேண்டாம். என் கர்ப்பப்பையை எடுத்த பத்தாம் நாள் நான் அடுப்படியில் நின்று இடியப்பம் பிழிந்தேன். என் மகனும் வாசலில் சாய்ந்து நின்று இதையேதான் சொன்னான். உரலைக் கையிலிருந்து பிடுங்கியிருந்தால் கொடுத்திருப்பேன். அவன் பிடுங்கவில்லை, நல்ல பிள்ளையாகப் புத்தி மட்டும் சொன்னான். எங்கள் வயதுப் பெண்களிடம் "வேண்டாம் அம்மா" என்பது உபசார வார்த்தை. கையிலிருப்பதை வாங்குவதுதான் வேலை.

தாயின் வீட்டில் உட்கார்ந்த இடத்தில் தேநீர் வாங்கிக் குடிக்கும் உரிமை, மகன் சம்பளம் வாங்கத் தொடங்கிய நாளோடு முடிந்துவிடுகிறது. மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் முன்பே முடிகிறது. பழைய கொள்கை என்றால் பழையதாகவே இருக்கட்டும். அக்கா அழுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து வாரமும் மருந்து நேரத்தைப் பார்த்தது, ஐஸ் பையை மாற்றியது, குளிக்கக் கைகொடுத்தது யார்? அவராகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். உங்கள் கடிதத்தில் அவருக்கு அழும் வேலை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள்.

சண்டை நடந்து ஒரு வாரத்தில் மே 11. அன்னையர் தினம். அன்றுதான் லீஃப்ஸின் நான்காவது ஆட்டம், 2-0 தோல்வி. தோல்வியின் கணக்கு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அன்று அம்மா வீட்டுக்கு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போகவில்லை. ஆளுக்கொரு நேரம் போனீர்களா, ஒருவர் போக மற்றவர் நின்றுவிட்டீர்களா, அது உங்களுக்குத்தான் தெரியும். ஆறாவது வாரக் காலோடு அவர் இரண்டு முறை சமைத்தாரா என்பதும்.

கச்சக்குக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவருக்குக் கோப்பை இருக்கிறது. தீபாவளி வரை காத்திருக்கவும் வேண்டாம். பலகாரத் தட்டுகளுக்கு நடுவே சமாதானம் பேசுவதை நான் நம்புவதில்லை.

வரும் சனிக்கிழமை காலையில் தனியாக அம்மா வீட்டுக்குப் போங்கள். தேநீரை நீங்கள் போடுங்கள். எந்தக் கால் என்று கேளுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டே கேளுங்கள். அந்தப் படியின் மறுபக்கத்துக்கும் ஒரு கைப்பிடி வாங்கிப் பூட்டுங்கள். பிறகு அந்தத் தொலைக்காட்சிப் பெட்டி. புதிய பருவம் தொடங்கிவிட்டது, அது இனி பேஸ்மென்ட்டில் இருக்கக் கூடாது. கூடத்தில் எங்கே வைப்பது என்று அம்மா சொல்லட்டும். அவர் கதிரையிலிருந்து பார்க்கிற இடமாக இருக்கட்டும். அவருடைய நாடகத்துக்குத்தான் முதல் உரிமை, ஆட்டம் அதற்குப் பிறகு.

அதை ஒரு ஆளால் தூக்க முடியாது. அத்தானை அழையுங்கள். காயம், உச்சவரம்பு, மே மாதம் எதுவும் வேண்டாம். "அத்தான், அம்மா வீட்டு ரீவியை மேலே ஏற்ற வேண்டும், ஒரு கை கொடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். வருவார். முதலில் வயர்களைக் கழற்றிச் சுற்றிக் கட்டுங்கள், படியில் காலில் தட்டும். ஏற்றும்போது கனம் முழுவதும் கீழே நிற்பவருக்குத்தான் வரும். அவர் உங்களைவிட மூத்தவர். கீழே நீங்கள் நில்லுங்கள்.