மகளின் ஆங்கிலக் கட்டுரையைச் சக மாணவர் திருத்துவதால் என்ன பயன்?

கேள்வி: என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். அவள் எழுதும் ஆங்கிலக் கட்டுரையை ஆசிரியர் பார்ப்பதற்கு முன் பக்கத்து இருக்கை மாணவர் படித்துக் குறிப்பு எழுதுகிறார். ஆசிரியர் தம் வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டுவது போல் இருக்கிறதே, இது சரியா?

பதில்: நான் சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். என் வகுப்புகளிலும் இந்த வழக்கம் உண்டு. முறையாக நடந்தால் இது மிக நல்ல பயிற்சி. ஆனால் இலக்கணப் பிழை பிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டிருந்தால் உங்கள் கோபம் நியாயமானது.

நம் ஊர் வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். மாண்டரினிலும் மலாயிலும் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறுவதில்லை, தமிழில் மாறும். அதனால் இறந்தகால விகுதி விடுபட்ட ஓர் ஆங்கில வாக்கியம் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையின் காதில் உறுத்தக்கூடும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ', 'தி' கதை வேறு. அதற்கு இணையான ஒழுங்கு இந்த மூன்று மொழிகளிலுமே இல்லை. எழுதியவர் விட்டதைப் படிப்பவரும் விட்டுவிடுவார். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான். ஆயினும் பல வீடுகளில் அது நம் ஊருக்கே உரிய பேச்சு ஆங்கிலம். தேர்வுத் தாளுக்கு ஒவ்வாத வாக்கியம் இரண்டு பிள்ளைகளின் காதுக்கும் சரியாகவே ஒலிக்கும். இன்னும் மோசம், தயக்கத்தில் சரியானதை அடித்துத் தவறாக மாற்றிவிடுவதும் நடக்கிறது. ஆகவே முதல் வாசிப்பில் இலக்கணத்தைத் தொடக்கூடாது என்பது என் வகுப்பில் சட்டம்.

பிறகு எதற்காகப் படிக்க வேண்டும்? ஒரு மாணவனின் கட்டுரையைச் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் அழுவதைப் பார்த்த நாளைப் பற்றி எழுத வேண்டும். அவன் தன் பாட்டியோடு லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவுக்குப் பூ வாங்கப் போனதை எழுதியிருந்தான். வழக்கமான கடை மூடிக் கிடக்கிறது, பாட்டி அங்கேயே நின்று அழுகிறார், இருவரும் பஸ் ஏறி வீடு திரும்புகிறார்கள். படித்தவள் ஒரு மலாய் மாணவி. ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: "பாட்டி ஏன் அழுகிறார்? அடுத்த கடையில் வாங்கலாமே?"

அவனுக்குச் சுருக்கென்றது. கடை மூடியிருந்தது என்றுதான் எழுதியிருக்கிறேனே என்று வாதாடினான். அவள் விடவில்லை. கடைசியில் வாய்விட்டுச் சொன்னான்: தாத்தா உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கடையில்தான் பாட்டிக்கு மல்லிகை வாங்கிக் கொடுப்பார். கடைக்காரம்மா தாத்தாவைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பார் என்பதற்காகவே பாட்டி அங்கே போய்க்கொண்டிருந்தார். "இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டாள் அந்தப் பெண். அவனுக்கு அது அவ்வளவு பழகிய சங்கதி, எழுதத் தோன்றவே இல்லை.

இந்த இடத்தைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்தக் கட்டுரை நேராக என் கைக்கு வந்திருந்தால், தேக்காவும் பூக்கடையும் வெள்ளிக்கிழமையும் எனக்கும் பழக்கம் என்பதால் இடைவெளியை நானே மனத்தில் நிரப்பிக்கொண்டு மேலே போயிருப்பேன். இறந்தகால விகுதிகளைத் திருத்தியிருப்பேன். அந்தக் கேள்வி எழுந்திருக்காது. தேர்வுத் தாளைத் திருத்துபவருக்கும் அவன் பாட்டியைத் தெரியாது அல்லவா?

படித்தவளுக்கு என்ன கிடைத்தது என்பது இன்னும் முக்கியம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவர்களிடையே லண்ட்ஸ்ட்ராம், பேக்கர் என்ற இருவர் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. பிறர் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்லப் பழகியவர்கள், கருத்துகளைப் பெற்று மட்டும் திருத்தியவர்களைவிடத் தங்கள் எழுத்தில் அதிகம் முன்னேறினார்கள் என்பது அதன் முடிவு. எனக்கு இதில் வியப்பில்லை. அடுத்தவர் எழுத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்த கண், தன் தாளுக்குத் திரும்பும்போது சும்மா இருப்பதில்லை.

பெரிய தடை மரியாதைதான். "நன்றாக இருக்கிறது" என்று எழுதிச் சிரிக்கும் முகம் ஒன்றை வரைந்து கொடுத்துவிடுவார்கள். நண்பன் மனம் நோகக்கூடாது என்ற நல்லெண்ணம் அது. நான் அதைப் பழிப்பதில்லை, வேறு வேலை கொடுக்கிறேன். படித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். மறுபடி படித்து, தடுக்கிய இடத்தில் ஒரு நெளிகோடு போட வேண்டும். கடைசியில் உண்மையாகவே விடை தெரியாத ஒரு கேள்வி. குறை சொல்லக் கூசும் பிள்ளைகூடக் கேள்வி கேட்கக் கூசுவதில்லை. கேள்வியை ஏற்பதும் தள்ளுவதும் எழுதியவர் உரிமை. தள்ளினால் காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மனப்பாட வரிகளை என்னைவிட வேகமாகப் பிடிப்பவர்களும் பிள்ளைகள்தான். "இதே வரி என் துணைப்பாட வகுப்புத் தாளிலும் இருக்கிறது" என்று ஒருவன் எழுதியதைப் படித்து மகிழ்ந்துபோனேன்.

உங்கள் மகள் நன்றாக எழுதுபவள், பக்கத்தில் இருப்பவர் சுமார் என்ற கவலை இருந்தால் விட்டுவிடுங்கள். நன்றாக எழுதத் தெரியாதவருக்கும் எங்கே புரியவில்லை என்று தெரியும்.

பிழை திருத்தத்தை நான் தனியாகவே வைத்துக்கொள்கிறேன். சாதாரண நிலை (ஓ லெவல்) ஆங்கிலத் தேர்வின் முதல் தாளில் பிழை திருத்தும் பகுதிக்கு 10 மதிப்பெண், சூழலுக்கேற்ற எழுத்துக்கு 30, கட்டுரைக்கு 30. கட்டுரை 350 முதல் 500 சொற்கள். வகுப்பில் நாற்பது பேர்வரை இருக்கும்போது ஒவ்வொருவரின் ஒவ்வொரு வரைவையும் ஆசிரியர் வரிவரியாகப் படிப்பது நடக்காத காரியம். அதை மறைக்க வேண்டியதில்லை. வரைவைச் சக மாணவர் படிக்கட்டும், இறுதிப் பிரதியை ஆசிரியர் முழுதாகப் படிக்க வேண்டும். மதிப்பெண் போடும் வேலை மட்டும் ஒருபோதும் மாணவர் கைக்குப் போகக்கூடாது.

அடுத்த பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் அவளுடைய வரைவையும் இறுதிப் பிரதியையும் ஒன்றாகக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பத்தியாவது புதிதாக எழுதப்பட்டிருந்தால் முறை வேலை செய்கிறது. எழுத்துப்பிழைகள் மட்டும் மாறியிருந்தாலோ, இறுதிப் பிரதியில் ஆசிரியர் எழுதிய குறிப்பே இல்லாமல் இருந்தாலோ, தயங்காமல் அங்கேயே கேளுங்கள்.