மயிரும் மக்களும்

அன்புள்ள அண்ணா,

மாயக்கதை நாவல் ஒன்று எழுதுகிறேன். அதில் வரும் மலைக்குடிக்கு ஒரு மொழியும் செய்கிறேன். இருநூறு சொல் தேறிவிட்டது. மனிதருக்கும் தலைமுடிக்கும் ஒரே வேர் வைத்திருக்கிறேன். ஆங்கில மாயக்கதை எழுத்தாளர் டோல்கீனின் பாத்திரம் குளோர்ஃபிண்டெல், அந்தப் பெயருக்கே பொன்முடியன் என்றுதானே பொருள்? ஒரே வேர் சரிவருமா? ழகரம் சேர்க்கலாமா?

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள தம்பி,

ழகரத்தைச் சேருங்கள், விடுங்கள், ஒன்றும் குடிமுழுகாது. வேரும் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த இருநூறு சொல்தான் எனக்கு எரிச்சல். சொல்லுக்கு நேரே பொருள் எழுதிவைத்தால் அது மொழியா? பாத்திரக்கடை விலைப்பட்டியல்.

ஒரு கூட்டத்தில் பேசுவதற்காக 964ஆம் குறளை உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. 'தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர்.' நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே அடியில், பக்கத்தில் பக்கத்தில். வள்ளுவர் கூசாமல் சொன்ன அந்த மயிரை இன்று வடசேரி பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சட்டை கிழியும். களியக்காவிளை தாண்டி மலையாளத்தில் சொன்னாலும் அதே கதிதான். நாமெல்லாம் 'முடி' என்று ஒதுங்கிக்கொண்டோம். உங்கள் மலைக்குடியில் எதைச் சொன்னால் அடி விழும்? யோசித்தீர்களா?

பழந்தமிழில் பெண்ணுக்குக் கூந்தல், ஓதி, ஐம்பால். ஆணுக்குக் குஞ்சி, பித்தை. தலையைப் பார்த்தே ஆளை எடைபோட்டவர்களுக்கு அத்தனையும் தேவைப்பட்டது. டேவிட் பீட்டர்சன் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்காகச் செய்த மொழியில் டோத்ராக்கி என்றாலே குதிரையேறிகள். கதையில் வரும் அந்தக் குடியில் சண்டையில் தோற்றவன் பின்னலை அறுத்துவிட வேண்டும். அப்படி ஒரு வழக்கம் இருந்தால் பின்னல் என்ற சொல்லுக்குத் தானாக ரோஷம் வந்துவிடும்.

எங்கள் ஆச்சி அக்காளை முட்டுகளுக்கு நடுவே இருத்தி, ஈர்வலியால் தலையை வறட்வறட்டென்று இழுப்பாள். அகப்பட்ட பேனைப் பெருவிரல் நகத்தில் வைத்து நசுக்குவாள், 'டிக்' என்று கேட்கும். "மக்ளே, ஆடாம இரி." அகராதியில் மக்கள் பன்மை. நம்மூரில் ஒற்றைப் பிள்ளையைக் கொஞ்சக் கூப்பிடுவது அது. அக்கா இன்னொரு தரம் நெளிந்தால் மக்கள் போய்விடும், "சவமே" வரும். அதே வாய், அதே தலை! இதை எந்த வேரில் கொண்டு கட்டுவீர்கள்?

அந்த நோட்டை மூடி வையுங்கள். உங்கள் மலைக்குடிக் கிழவி பேத்திக்குப் பேன் பார்க்கிறாள், பேத்தி நெளிகிறாள். என்ன சொல்லித் திட்டுவாள்? ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அப்புறம் ழகரத்தைப் பற்றிப் பேசலாம்.