மளிகை வாங்கினேன், மளிகைப் புள்ளி வரவில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் டிபார்ட்மென்டல் ஸ்டோரில் மாதந்தோறும் ஏறத்தாழ 8,000 ரூபாய்க்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்குகிறேன். மளிகைச் செலவில் 5 சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லித்தான் வங்கியில் இந்த கிரெடிட் கார்டைக் கொடுத்தார்கள். மூன்று மாதமாக 1 சதவீதமே வருகிறது. பில்லை அனுப்பிக் கேட்டதற்கு, "அந்தக் கடை மளிகை வகையில் இல்லை" என்று பதில் வந்தது. பில் கையில் இருக்கும்போது இப்படிச் சொல்லலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் பில்லில் உள்ள அரிசியும் பருப்பும் வங்கியின் கணினிக்குத் தெரியாது. கார்டைத் தேய்க்கும்போது தொகை, தேதி, கடையின் பெயர், ஊர் ஆகியவற்றோடு, அது எந்த வகைக் கடை என்பதைக் குறிக்கும் நான்கு இலக்க எண் ஒன்றும் செல்கிறது. வணிகர் வகைக் குறியீடு, சுருக்கமாக எம்.சி.சி., எனப்படும் அந்த எண்ணை வைத்தே, செலவில் ஒரு பங்காகத் திரும்பக் கிடைக்கும் புள்ளிகள் கணக்கிடப்படுகின்றன. மளிகைக் கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் 5411, உணவகத்துக்கு 5812, மருந்துக் கடைக்கு 5912 என்று ஐ.எஸ்.ஓ. 18245 என்னும் பன்னாட்டுத் தரநிலை இவற்றை வகுத்துள்ளது.

இந்த எண்ணைக் கடைக்கு வழங்குவது உங்கள் வங்கி அன்று. கடைக்காரருக்கு ஸ்வைப் மெஷின் கொடுத்த வங்கியோ பணப் பரிவர்த்தனை நிறுவனமோதான், அவர் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த தொழில் விவரத்தைப் பார்த்து அதை முடிவு செய்கிறது. உங்கள் கடையின் சிக்கல் அதன் பெயரிலேயே இருக்கலாம் என்பது என் ஊகம். தமிழ்நாட்டில் நாமே பொருள்களை எடுத்துக்கொள்ளும் மளிகைக் கடையை டிபார்ட்மென்டல் ஸ்டோர் என்று அழைக்கிறோம். ஆனால் குறியீட்டுப் பட்டியலில் அந்தப் பெயருக்கு உரிய 5311 என்ற எண், துணிமணி, பாத்திரம், அலங்காரப் பொருள் எனப் பல பிரிவுகளில் விற்கும் பெரிய கடைகளைக் குறிப்பது. பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து ஒருவர் 5311 என்று பதிந்திருந்தால், எத்தனை மூட்டை அரிசி வாங்கினாலும் உங்களுக்கு மளிகைப் புள்ளி வராது. 4 சதவீத வேறுபாடு என்றால் மாதம் 320 ரூபாய், ஆண்டுக்கு 3,840 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு இது சிறிய தொகையன்று.

முதலில், அந்தப் பரிவர்த்தனை எந்த எண்ணில் பதிவாகியுள்ளது என்று உங்கள் வங்கியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். எண் தவறு என்றால் உங்கள் வங்கியால் அதை மாற்ற முடியாது. கடை உரிமையாளர்தான் ஜி.எஸ்.டி. பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம் போன்ற சான்றுகளுடன், மெஷின் கொடுத்தவர்களிடம் திருத்தம் கேட்க வேண்டும். திருத்தினாலும் பழைய மாதங்களுக்குப் புள்ளி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேறு கடைக்கு மாறுவதானால், முதல் முறை சிறிய தொகைக்கு வாங்கி, புள்ளி எப்படி வருகிறது என்று பார்த்தபின் மாதச் சாமானை அங்கே வாங்குங்கள்.

வங்கி விதிப்படியே நடந்திருக்கலாம். ஆனால் கார்டை விற்கும்போது "மளிகை" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு, அந்தச் சொல்லுக்கு ஓர் எண்தான் பொருள் என்பதை மறைப்பது நியாயமில்லை. விற்பவரிடம், "எந்தெந்தக் குறியீடுகளுக்கு, மாதம் எவ்வளவு ரூபாய் வரை?" என்ற இரண்டையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நம் உரிமை.

கேள்வி: பெட்ரோல் போட்டால் சர்சார்ஜ் தள்ளுபடி என்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சில்லறை குறைகிறது. புள்ளியும் வருவதில்லை. ஏன்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பெட்ரோல் பங்குகள் 5541, 5542 ஆகிய எண்களில் வருகின்றன, பெரும்பாலான கார்டுகள் இவற்றைப் புள்ளிக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு, 1 சதவீதக் கூடுதல் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருகின்றன. நீங்கள் 2,000 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டால் அந்தக் கட்டணம் 20 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 3 ரூபாய் 60 காசு. 20 ரூபாய் திரும்பி வரும், வரி பொதுவாக வராது. குறைவது அந்தச் சில்லறைதான். தள்ளுபடிக்குக் குறைந்தபட்சத் தொகையும் அதிகபட்சத் தொகையும் உண்டு என்பதால், 100 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் அடிக்கடி போடுபவருக்கு அது கிடைக்காமலே போகலாம்.

கேள்வி: ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்துள்ளேன். ஒரு டீக்கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்தால் பணம் போகிறது, அடுத்த கடையில் போவதில்லை. கார்டில் கோளாறா?
– வாசகர், விருதுநகர்

பதில்: கார்டில் கோளாறு இல்லை. ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2022 ஜூனில் அறிவித்தது. ஆனால் அது வணிகர்களுக்குச் செலுத்த மட்டுமே, தனிநபருக்குப் பணம் அனுப்ப அன்று. வணிகருக்கென வழங்கப்படும் க்யூஆரிலும் அதே நான்கு இலக்கக் குறியீடு பொதிந்திருக்கும். இரண்டாவது கடைக்காரர் தம் சொந்த யு.பி.ஐ. கணக்கின் க்யூஆரை ஒட்டி வைத்திருக்கக்கூடும். அப்படியானால் கணினிக்கு அவர் வணிகர் அல்லர், உங்களைப் போன்ற ஒரு தனிநபர். அவர் வணிகராகப் பதிந்து புதிய க்யூஆர் வாங்கினால் உங்கள் கார்டு அங்கும் செல்லும். அதுவரை வங்கிக் கணக்கிலிருந்தோ ரொக்கமாகவோ கொடுங்கள்.