ஆச்சி வீட்டு மாடு விடுற ஏப்பம்

அண்ணாச்சி, எனக்கு பூதப்பாண்டி பக்கம், வேலை பெங்களூர்ல. ஊர்ல ஆச்சி ரெண்டு பசு வளக்காங்க. மாடு குசு விட்டுத்தான் பூமி சூடாகுது, காரை விட மாடு மோசம்னு ஆபீஸ்ல ஒருத்தன் சொல்லுதான். ஆச்சியை மாட்டை வித்துரச் சொல்லவா? நாட்டுமாட்டுக்கு இந்தப் பிரச்சனை இல்லங்கது உண்மையா? பாலையும் விட்டுரணுமா?

தம்பி,

மொதல்ல, அது குசு இல்ல, ஏப்பம். பூமியைச் சூடாக்குற மீத்தேன் வாயு மாட்டு வயித்துல இருந்து பெரும்பாலும் வாய் வழியாத்தான் வருது. தொழுவத்துப் பக்கமே வளந்த பிள்ளைக்கு இது தெரியாண்டாமா? எங்க அப்பா மாட்டோட இடது பள்ளையில முட்டிக்கையை அமுக்கி வைப்பாரு, என் கையையும் பிடிச்சு வச்சு "உருளுதாலே?"ம்பாரு. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா உள்ள என்னமோ புரண்டு வந்து கையை வெளிய தள்ளும். அசைவு நின்னாத்தான் டாக்டர். வைக்கோலை நுண்ணுயிரு புளிக்க வைக்கதும் மீத்தேன் உண்டாகதும் அந்த உருளுற வயித்துலதான்.

நாட்டுமாடும் ஏப்பம் விடும். பால் உங்க இஷ்டம்.

காரோட சேத்துப் பேசுறதுதான் எனக்கு எரிச்சல். அந்த ஏப்பத்துல இருக்க கார்பன் ஆறேழு மாசம் முன்னால காத்துல கிடந்தது, நெல்லு அதை இழுத்து வைக்கோலாச்சு, மாடு தின்னு திரும்ப விடுது. பெட்ரோல்ல இருக்கது கோடிக்கணக்கான வருஷமா மண்ணுக்கடியில கிடந்த கார்பன், தோண்டி எடுத்து காத்துல புதுசா சேக்கோம். ஆலையெல்லாம் வரதுக்கு முன்னால காத்துல பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்ப 420ஐத் தாண்டினதுக்கு பெரிய காரணம் அதுதான், ஆச்சி மாடு இல்ல. அதுக்காக மாட்டுக்கு மாலை போடவும் வேண்டாம். எடைக்கு எடை பாத்தா மீத்தேன் நூறு வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட 27 மடங்கு சூடாக்கும், பன்னெண்டு வருஷம் போலத்தான் காத்துல நிக்கும்னாலும் மாடு பெருகப் பெருக சூடும் ஏறும். தண்ணி கட்டி நிக்க வயல்லயும் மீத்தேன் வருது, சோத்தை விட்டுருவானா உங்க ஆபீஸ்காரன்?

நான் கொஞ்ச நாளா யோசிச்சுக்கிட்டிருக்கது சாணியைப் பத்தி. மாசியில கும்பப்பூ நெல்லு அறுத்து வைக்கோல் படப்பு போட்டதும் பங்குனியில ஏலாவுல, அதான் வயக்காட்டுல, ஆட்டுக்கிடை போடுவாங்க, விடியக்காலம் போனா மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும், நல்லமிளகை அள்ளிக் கொட்டுன மாதிரி புழுக்கை கிடக்கும், அதை வண்டு உருட்டிக்கிட்டு மண்ணுக்குள்ள போவும். மாட்டுச்சாணி எருக்குழியில மக்கி சித்திரை உழவுக்கு முன்னால வயலுக்குப் போவும். அதுல கொஞ்சம் கார்பன் காத்துக்குப் போனாலும் மிச்சம் மண்ணுல தங்கும், அந்த மண்ணுல திரும்ப நெல்லு.

இப்ப அந்த ஏலாவுல மலை மண்ணு அடிச்சு பிளாட் போட்டாச்சு. போட்டது யாரோ இல்ல, நானும் எங்க அண்ணனும் கையெழுத்துப் போட்டுதான். அதுக்கப்புறம் வைக்கோல் லாரியில வந்துச்சு, சாணிக்கு போக்கிடம் இல்லாம ஓடையில கழுவி விட்டோம், அங்க தண்ணிக்கடியில காத்தில்லாம அழுகி அதுவும் மீத்தேன்தான். ரெண்டு வருஷம் பாத்துட்டு கடைசி மாட்டையும் நான்தான் வித்தேன், அப்பா அன்னைக்கு தொழுவத்துப் பக்கமே வரல.

உங்க ஆச்சிக்கு போன் போட்டு சாணி எங்க போகுதுன்னு கேளுங்க. விக்கவான்னு மட்டும் கேக்காதீங்க, அடுத்த லீவுக்குப் போகையில வாரியலோட நிப்பா.