பனை ஏற எந்தக் கையுறை?

கேள்வி: சாயல்குடிப் பக்கம் பனை ஏறுகிறோம். மட்டை விளிம்பில் ரம்பப் பல்போல் இருக்கும் கருக்கு கீறிக் கை புண்ணாகிறது. 100 ரூபாய்க்குள் கையுறை கிடைக்குமா? தோல் கையுறை வாங்கலாமா?

பதில்: தோல் வேண்டாம். புதிதில் நன்றாகத்தான் இருக்கும். வியர்வையும் பதநீரும் ஊறிக் காய்ந்ததும் விறைத்துவிடும். விரல் மடங்காத கையால் மரத்தை அணைத்துப் பிடிக்க முடியாது. வெறும் பருத்திக் கையுறையும் உதவாது. கருக்கின் பல் நூலிடுக்கில் நேராக இறங்கும், தூசி படிந்த மரத்தில் வழுக்கும்.

கட்டட வேலைக்காரர்கள் போடும், பின்னல் துணியில் ரப்பர் பூசிய கையுறையைக் கேளுங்கள். 100 ரூபாய்க்குள் பெரும்பாலும் கிடைக்கும். பூச்சு வழவழப்பாக இல்லாமல் சுருக்கம் சுருக்கமாக இருக்கட்டும். ஈரத்திலும் பிடி நிற்கும். மட்டைகளுக்கு நடுவே கையை விடும்போது கருக்கு கீறுவது புறங்கையைத்தான். ஆகவே பூச்சு உள்ளங்கையோடு நின்றுவிடாமல் விரல் முட்டிகளையும் மூடியதாகப் பாருங்கள். இது கீறலைத் தடுக்கும். ஆழக் குத்தினால் தாங்காது.

விலையைவிட அளவு முக்கியம். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி டேப்பால் அளந்தால் 8 அங்குலம் என்றால் 8-ஆம் எண், 9 என்றால் 9. விரல்நுனியில் துணி தொங்கினால் அந்த ஜோடி வேண்டாம். தொங்கும் நுனி பிடியைக் கெடுக்கும், கருக்கிலும் மாட்டும்.

பதநீர் இறக்கப் பாளையை (பூங்குலையை) சீவ விரலுக்கு உணர்வு வேண்டும் என்று சிலர் நுனியை வெட்டிவிடுகிறார்கள். பின்னல் பிரிந்து நூல் தொங்கும். அதற்குப் பதில் மேலே போய் நிலையாக நின்றபின் உணர்வு வேண்டிய கைக்கு மட்டும் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். கையுறை இருக்கிறதென்று காய்ந்த மட்டையைப் பிடித்துத் தொங்க வேண்டாம், கழன்று கையோடு வந்துவிடும். காலில் மாட்டி ஏறும் தளைநாரை ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்ப்பதும் மாறக்கூடாது.

பதநீர் பிடிக்கும் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவும்போது இந்தக் கையுறையைப் போடவே கூடாது. சுண்ணாம்புத் தண்ணீர் பின்னலில் ஊறித் தோலோடு ஒட்டி நின்று வெந்துபோகச் செய்யும். அதற்கு முழுக்க ரப்பரான கையுறை தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். கரையோரக் கிணற்று உப்புத்தண்ணீரில் கழுவினாலும் கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். நிழலில் காயப்போடுங்கள், வெயிலில் ரப்பர் வெடிக்கும். உள்ளங்கைப் பூச்சு தேய்ந்து பளபளத்தால் அந்த ஜோடியோடு மரம் ஏறாதீர்கள்.