ஓடை நீர்ச் சோதனையில் பூச்சிமருந்து இல்லை என்கிறார்கள், ஆனால் ஓடைப் பூச்சிகள் அழிந்துவிட்டன. எப்படி?

பெரும்பாலும் தவறான நாளில் தண்ணீர் எடுத்திருப்பீர்கள். மருந்து ஓடைக்குச் சீராக வருவதில்லை. தெளித்தபின் பெய்யும் முதல் கனமழை அதை மொத்தமாக அடித்து வரும். சிற்றோடையில் அந்த உச்சம் சில மணி நேரத்தில் கடந்துவிடும். மாதம் ஒருமுறை வெயில் நாளில் பாட்டில் நிரப்பினால் அது எப்படிச் சிக்கும்?

நீர்மட்டம் ஏறும்போதே அடர்நிறக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்து விரைவாக ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும். அவை வண்டலிலும் படியும் என்பதால் வண்டலையும் சோதிக்கச் சொல்லுங்கள். நியோனிக்கோட்டினாய்டு வகை மருந்துகள் நேர்மாறு: நீரில் கரைந்து, வயலடி வடிகால் குழாய் வழியாகவும் வரும்.

ஆய்வகம் எந்தெந்த மருந்துகளைத் தேடியது, அதன் கண்டறியும் வரம்பு (சோதனையில் தெரியக்கூடிய மிகக் குறைந்த அளவு) என்ன என்றும் கேளுங்கள். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தாலே நீர்த்தெள்ளுகள் என்ற சிறு நீர்வாழ் உயிரிகள் சாகும். வரம்பு அதற்கு மேல் என்றால் 'இல்லை' என்ற முடிவுக்குப் பொருளே கிடையாது.

மழையே இல்லாமலும் மருந்து வந்தால், தெளிப்பானை எங்கே கழுவுகிறார்கள் என்று பாருங்கள். கழுவும்போது கொஞ்சம் மருந்து போனாலே போதும்: குடிநீரில் ஒரு மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றிய வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், அந்தக் கணக்கில் 1 கிராம் மருந்து 1 கோடி லிட்டர் நீரை வரம்புக்குக் கொண்டுபோகும். கழுவிய நீரைத் தெளித்த வயலிலேயே விடுவதுதான் சரி.