மாலையானால் "வீட்டுக்குப் போகணும்" என்று நிற்கும் அம்மா

வணக்கம் சகோ. அல்சைமர் வந்த அம்மா சாயங்காலமானால் பையோடு வாசலில் நிற்கிறார், வளையலை உங்கள் மனைவி எடுத்துவிட்டதாகப் பழி சொல்கிறார், சொந்தக்காரர்களோ "வயசானா அப்படித்தான்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

"இதுதானே நம்ம வீடு" என்று வாதாடாதீர்கள், ஜெயிக்க முடியாது. "சரிம்மா, காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்று உள்ளே கூட்டி வாருங்கள். முருங்கைக்கீரையைக் கொடுத்து ஆயச் சொல்லுங்கள். என் மாமியாருக்கு அது பலித்தது. பாதிக் கீரை தரையில் கிடக்கும், போகட்டும். பொழுது சாயும்போது குழப்பம் கூடுவது இந்த நோயில் சகஜம். இருட்டுமுன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள், நிழல்கூடப் பயமுறுத்தும். வளையலுக்கும் "வாங்க, தேடலாம்" என்பதே பதில். அரிசி டப்பா, தலையணை உறை இரண்டையும் முதலில் பாருங்கள்.

ஆனால் ஓரிரு நாளில் திடீரென மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுவது, மலச்சிக்கல்கூடக் காரணமாகலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அல்சைமர் வெறும் மறதி அல்ல, மூளைச் செல்கள் அழியும் நோய். 1906லேயே ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் விவரித்தது. சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிவிட்டு, ஒரு நாள் மாலை முழுக்க அம்மாவோடு இருக்கச் சொல்லுங்கள். புரிந்துவிடும். பழி சுமப்பவர் உங்கள் மனைவி. அவரிடம் தனியாக உட்கார்ந்து பேசினீர்களா?

மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. அம்மாவின் கையில் உங்கள் ஃபோன் நம்பர் பொறித்த காப்பு ஒன்றை இன்றே போடுங்கள்.